நெசம் கீது, சான்று இல்ல

என் புத்தகத்தில் ‘சான்று’ என்ற சொல்லை மலைபோல நம்பியிருந்தேன். அதுவே காலை வாரிவிடும் என்று நினைக்கவில்லை.

எனக்குக் கல்பாக்கத்தில் வேலை. மிச்ச நேரத்தில் பொதுவாசகருக்குக் கணிதம் எழுதும் கிறுக்கு. விதிகளை எவ்வளவு கவனமாக வகுத்தாலும், அவற்றால் நிறுவ முடியாத உண்மை ஒன்று எண்களிடையே இருந்தே தீரும் என்ற தேற்றம்தான் கடைசி அத்தியாயம். கல்லூரியில் அது புரிந்த அன்று எனக்குச் சாப்பிடக்கூடத் தோன்றவில்லை. அந்த அத்தியாயத்தைப் பதிப்பாசிரியர் மூன்றாம் முறையாகத் திருப்பி அனுப்பிவிட்டார். திங்கட்கிழமைக்குள் சாதாரண ஆளுக்குப் புரியும்படி வராவிட்டால் நீக்கிவிடுவாராம்.

சனிக்கிழமை, செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கக் கொடுத்தேன். கடைக்கார அம்மாள் மனுவும் எழுதித் தருபவர். ‘சான்று தர முடியாத உண்மை’ என்ற தலைப்பைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இன்னா சார், எந்த சான்று தரமாட்டேன்றாங்க? சாதியா, இருப்பிடமா?”

எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மறுகணமே உறைத்தது: நான் தேடிய சாதாரண ஆள் இவர்தான். ஒரு வெள்ளைத்தாள் வாங்கி எழுதினேன்: ‘இந்த வாக்கியம் உண்மை என்று இந்த அலுவலகம் ஒருநாளும் சான்று தராது.’

“பொய்க்கு சான்றே தராத ஆபீஸ்னு வெச்சுக்கோங்க. இதுக்குத் தருமா?”

“குட்த்தா, இதுல எழுதினது பொய்யாப் பூடும். அதனால தராது.” பேனாவைக் கீழே வைத்தார். “தரலன்னா... எழுதினது நெசம்! நெசம் கீது, சான்று இல்ல!”

கணித விதிகள்தான் அந்த அலுவலகம் என்றேன். இப்படியொரு வாக்கியத்தை வெறும் எண்களைக் கொண்டே எழுதிவிடலாம் என்றும் சொன்னேன்.

“இத்தையும் ஒரு ரூலா சேத்துக்கினா?”

கல்லூரியில் நான் இந்தக் கேள்விக்கு வந்துசேர ஒரு மாதம் ஆனது. “அப்போ அந்தப் புது ஆபீசுக்குன்னு இன்னொரு வாக்கியம் வரும்மா.”

“ஓயவே ஓயாதா?”

“ஓயாது.”

இயந்திரம் என் பதினோரு பக்கங்களைத் துப்பிக்கொண்டிருந்தது. அவற்றை அங்கேயே விட்டுவிட்டு, வெள்ளைத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அத்தியாயம் பிழைத்துவிட்டது.

அவர் வாசலுக்குப் போய்க் கடைப்பலகையை அண்ணாந்து பார்த்தார். ‘எல்லாச் சான்றுகளுக்கும் இங்கே விண்ணப்பிக்கலாம்.’

“சார், அந்த ‘எல்லா’ன்றத அழிச்சிடணும் போல கீதே,” என்றார்.