இடுப்பு உயரத்துப் பிக்கப்

பின்பக்கம் திறந்த எங்கள் பிக்கப் வண்டி பிறந்ததும் அமெரிக்காவில் இந்த எடிசன் ஊரில்தான், எங்களோடு பிழைப்பதும் எடிசனில்தான். அதைச் செய்த தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது கடைகள் வந்துவிட்டன. அங்கே சாமான் வாங்கப் போனால், எந்த இடத்தில் கதவு மாட்டியிருப்பார்கள், எந்த இடத்தில் பெயின்ட் அடித்திருப்பார்கள் என்று பார்த்துக்கொண்டே தள்ளுவண்டியை உருட்டுவேன். கடைக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயமும் கூடவே இருக்கும்.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள் நான். இங்கே வந்து லைசென்ஸ் வாங்கும்வரை தூக்கமில்லை; வாங்கிய பிறகும் இல்லை. இட்லி மாவு அரைத்து எடிசன், பக்கத்து ஊரான ஐசலின் ஓட்டல்களுக்குப் போடுகிறேன். வீட்டுக்காரர் வேறொரு ஓட்டலில் சமையல் வேலை. அதனால் காலையில் மாவு கொண்டுபோவது நான் ஒருத்திதான்.

மாவு வாளியின் மூடியை இறுக்கி அடைக்க முடியாது. புளித்துப் பொங்கினால் மூடியைத் தள்ளிவிடும். சும்மா மேலே வைத்து மூட வேண்டியதுதான். அதனால் வாளியைச் சாய்க்கவும் முடியாது. நேராகத் தூக்கி நேராக வைக்க வேண்டும். எங்கள் பிக்கப்பின் பின்கதவைத் திறந்து போட்டால் என் இடுப்புக்குத்தான் வரும். மூச்சைப் பிடித்து ஒரு தூக்கு, வாளி உள்ளே போய் உட்கார்ந்துவிடும். மூடிய வேன் வாங்கச் சொன்னவர்கள் உண்டு. வெயிலில் வேனுக்குள் வைத்த மாவு ஓட்டல் போய்ச் சேருவதற்குள் பொங்கித் தெருவுக்கு வந்துவிடும்.

வண்டியின் குலம் கோத்திரமெல்லாம் எனக்குச் சொன்னவர் எங்கள் மெக்கானிக். ராமநாதபுரம் பக்கத்துக்காரர், நான் பாய் என்பேன், அவர் அக்கா என்பார். முதலில் ஒரு ஜப்பான் கம்பெனி செய்த சின்ன பிக்கப்பை வாங்கித்தான், எங்கள் வண்டியைச் செய்த அமெரிக்கக் கம்பெனி தன் பெயரை ஒட்டி விற்றதாம். பெட்ரோலுக்கு ஜனங்கள் தவித்த காலத்தில் சின்ன வண்டிக்கு மவுசு கூடியதும், சொந்தமாகவே ஒன்றைச் செய்தது. அது நன்றாக ஓடவே, பிற்பாடு அந்த ஜப்பான் கம்பெனி இதை வாங்கித் தன் பெயரை ஒட்டிக்கொண்டதாம். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம் என்று பாய் சிரித்தார். அப்புறம் இருக்கைக்குப் பின்னால் கொஞ்சம் இடம் நீட்டி, ஆளோ சாமானோ வைக்கிற மாதிரி ஒரு வகை வந்தது. எங்களுடையது அந்த வகை. பிறகு எடிசன் தொழிற்சாலையை மூடினார்கள். சில வருஷம் கழித்து அந்த வண்டி செய்வதையே இங்கே நிறுத்திவிட்டார்கள். ரொம்ப நாள் கழித்து அதே பெயரில் திரும்பவும் வந்தது.

வாலில் கனம் இல்லாவிட்டால் பனியில் இந்த வண்டி வழுக்கும். ஊரார் மணல் மூட்டை வைப்பார்கள். மணலை எதற்குக் காசு கொடுத்து வாங்குவது என்று நாங்கள் இட்லி அரிசி மூட்டையை ஏற்றினோம். தார்ப்பாய் ஒரு பக்கம் விலகி, பனி உருகி உள்ளே இறங்கி, அத்தனை அரிசியும் வண்டியிலேயே ஊறிவிட்டது. "இனி உளுந்தையும் ஏத்திரு, கிரைண்டர மாட்டிக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். ஒரு வாரம் பேச்சை நிறுத்தினேன்.

போன குளிர்காலம் முடிந்ததும் பாய் வண்டியை மேலே தூக்கி, அடியில் சுத்தியலால் தட்டினார். முன்பக்கம் கணீரென்றது. பின்பக்கம் சத்தம் செத்திருந்தது. பனி உருகச் சாலையில் கொட்டுகிற உப்பு, வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டமான ஃப்ரேமை அரித்துவிட்டது என்றார். ஒட்ட முடியுமா என்று விசாரித்துப் பார்க்கிறேன், நீங்களும் வேறு வண்டி பார்த்து வையுங்கள் என்றார். வண்டி இல்லையென்றால் மாவு இல்லை. எங்கள் ஓட்டல்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொள்ளும்.

புது வண்டியைப் பார்க்கப் போகும்போது மாவு வாளி ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். "பொண்ணு பாக்கப் போறதுக்கு மாவோடவா?" என்றார் வீட்டுக்காரர். ஆனாலும் வாளியை அவர்தான் சுமந்து வந்தார்.

ஷோரூம் பையன் மரியாதையானவன். வாளியைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. பின்கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். பெயர்தான் அதே பெயர். நான்கு கதவு, பெரிய மூஞ்சி, நல்ல உயரம். பின்கதவு என் நெஞ்சுக்கு வந்தது. தூக்கினேன். பாதியில் வாளி சாய்ந்து, மாவு என் புடவையில் வழிந்தது. அந்தப் பையன் ஓடிப்போய்த் துடைக்கக் காகிதம் கொண்டுவந்தான். திரும்பி வரும் வழியெல்லாம் வீட்டுக்காரர் கேலி எதுவும் பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

இரண்டு நாளில் பாய் கூப்பிட்டார்.

"அக்கா, பின்பாதி ஃப்ரேம் ரெடிமேடா கிடைக்குது. பழச அறுத்துட்டு இத வெல்ட் பண்ணிரலாம்."

"இவ்வளவு பழைய வண்டிக்கு யாரு பாய் இன்னும் செய்றாங்க?"

"அத்தன வருஷம் அடிப்பாகத்த கம்பெனிக்காரங்க பெருசா மாத்தவே இல்லக்கா. ஊரெல்லாம் ஓடுது. அதான் செய்றாங்க."

புதிதாக ஒன்றும் யோசிக்காமல் ஒரே வண்டியைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள் என்று சிலர் குறை சொல்வார்களாம். செய்தவர்கள் யாராயிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். மாற்றாமல் விட்டதற்காக நான் கும்பிட்டேன்.

வேலை முடிந்த அன்று குனிந்து பார்த்தேன். கறுப்பாக, புதுசாக இருந்தது. என் வாய் சும்மா இருக்குமா?

"தாங்குமா பாய்?"

"மாவு புளிக்குமான்னும் தெனம் பயப்படுறீங்க. ஒரு நாளாவது புளிக்காம இருந்திருக்கா?"

ஜனவரியில் இரண்டு நாள் புளிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் சாவியை வாங்கிக்கொண்டேன். மறுநாள் ஓட்டல் ஒன்றும் விடாமல் மாவு போட்டுவிட்டு வந்தேன்.