மொய்க்குப் போன ரொக்கம்

கையில் ரொக்கம் இருந்தால் கரைந்துபோகும் என்பார் என் வீட்டுக்காரர். அட, போங்க! கண்ணுக்குத் தெரிகிற காசைத்தானே பார்த்துப் பார்த்துச் செலவு பண்ண முடியும்? நான் காய்கறிக்குச் சில்லறை கொடுப்பேன். அவரோ பெட்ரோல், மளிகை எல்லாவற்றுக்கும் கிரெடிட் கார்டை நீட்டுவார். டெபிட் கார்டைத் தொடவே மாட்டார். அந்தக் கணக்கில் மகளின் கல்லூரிக்குப் பணம் சேருகிறதாம். நானும் நம்பினேன்.

போன தையில் கொட்டாம்பட்டியில் அவர் தங்கை மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் என்றால் சும்மாவா? தட்டு வரிசை, மேளம், போதாததற்கு மைக்கில் பேர் சொல்லி வாசிக்கிற மொய். மொய் எழுதுகிற இடத்தில் கார்டைத் தேய்க்க முடியாது. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுமுன் ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டார்.

"டெபிட் கார்டுல எடுங்கங்க" என்றேன்.

"அது பிள்ளை படிப்புக் காசு. இத அடுத்த மாசந்தான கட்டணும்."

கடையில் பொருள் வாங்கினால்தான் அந்த அவகாசம். ரொக்கமாக எடுத்தால் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்குமாம். எங்கள் இருவருக்குமே அது தெரியாது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே வந்தார், பிறகு அதுவும் முடியவில்லை. கார்டும் கணக்கும் ஒரே வங்கி. பாக்கிக்காகக் கணக்கில் இருந்ததையெல்லாம் பிடித்துக்கொண்டார்கள், அப்படியும் கடன் முழுசாகத் தீரவில்லை.

கல்லூரியில் கட்டணம் கட்டும் இடத்தில் டெபிட் கார்டைக் கொடுத்தபோதுதான் அது தெரிந்தது. பணம் இல்லை என்றது மெஷின். பக்கத்தில் மகள் நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனாருக்குப் போன் போட்டு, கொடுத்ததில் பாதியாவது தரச் சொல்லிக் கேட்டேன்.

"தரமாட்டோம்னா சொல்றோம் மதினி? ஒங்க வீட்ல ஒரு விசேஷம் வைங்க. மேல சேத்தே செஞ்சுருவோம்ல. விசேஷம் இல்லாம மொய்யத் திருப்பிக் கேட்டா ஊரு சிரிக்கும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. முறை அப்படி. ஆனால் மறுநாள் காலை காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இவர் சொன்னார்:

"பேசாம பிள்ளைக்கு ஒரு மாப்பிள்ளை பாத்துருவோமா? இம்புட்டு வருசம் செஞ்ச மொய்யெல்லாம் திரும்பிரும். கடனும் அடைஞ்சுரும்."

பாவி மனுஷன், கண் கலங்கித்தான் சொன்னார். வேறு வழி எனக்கும் தெரியவில்லை. அதுதான் கொடுமை.

அவர் வேலைக்குப் போனபின் மகள் அடுப்படிக்கு வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அம்மா, நான் காலேஜுக்குப் போகல. ஜவுளிக்கடையில நின்னு கடன அடைக்கிறேன். கல்யாணம் மட்டும் வேணாம்னு அப்பாட்ட சொல்லும்மா."