வாட்ச் பலகையும் பதினேழு கல்லும்

1. எல்லாரும் சீக்கிரம் வந்த வாரம்

எழுபதுகளின் நடுவில், ஒரு மழைக்கால வாரத்தில், இரும்பு வார்க்கும் எங்கள் பவுண்டரியில் எல்லாரும் நேரத்துக்கு முன்பே வேலைக்கு வந்தார்கள். சங்கு ஊத இன்னும் நிறைய நேரம் இருக்கும். கேட்டுக்கு வெளியே குடையும் சாக்குமாக ஆட்கள் நிற்பார்கள்.

மானேஜருக்கு மகிழ்ச்சி. முந்தைய வாரம்தான் அவர் ஒழுங்கைப் பற்றி எங்களைக் கூட்டி வைத்துப் பேசியிருந்தார். "பார்த்தியா ஜெயசீலா, சொல்ற விதத்துல சொன்னா நம்ம ஆளுங்க கேக்கறாங்க" என்றார் என்னிடம்.

நான் அங்கே எலக்ட்ரீஷியன். சங்கு சுவிட்ச் என் அறையில் இருந்தது. அதன் மேல், செங்கல் சுவர்ப் பக்கம், ஒரு சுவர்க் கடிகாரம். தினமும் வரும் வழியில் கவரைப்பேட்டை ஸ்டேஷன் மணியைப் பார்த்துக்கொண்டு வந்து அதைச் சரிபார்ப்பேன். கடிகாரம் சரியாகவே ஓடியது. அப்படியானால் ஆட்களின் நேரத்தில்தான் ஏதோ கோளாறு.

விஷயத்தை டர்னர் எத்திராஜ் உடைத்தார். லேத் என்னும் கடைசல் மெஷினில் வேலை, என்னை விட மூத்தவர். கூடூர் பக்கம் பெண் எடுத்தவர், மாமனார் போட்ட வாட்ச்சைக் கட்டியிருப்பார்.

"இன்னா வயர்மேன், உன் கடியாரத்துல இன்னா மணி?"

சொன்னேன்.

"என்துல அரை மணி கூட கீது. நேத்து உன் சங்குக்குத்தான் வச்சேன். எம் பொஞ்சாதி கேக்கறா, வேலை மேல அப்டி இன்னாய்யா ஆசை, கோழி கூவறதுக்கு முந்தி கெளம்பறேன்னு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தன் மணிக்கட்டைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. எல்லா வாட்ச்சுகளும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தன. பகல் முழுவதும் அவை எல்லாம் என் பொறுப்பில் இருந்தவை.

2. பலகை

மெஷின் ஷாப்பில் வாட்ச் கட்டக்கூடாது என்பது அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வந்த விதி. ஒருவருடைய ஸ்டீல் ஸ்டிராப், லேத்தில் இரும்பைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் மாட்டியது. கை முறிந்தது. அதன் பிறகு மானேஜர் ஒரு மரப்பலகை செய்யச் சொன்னார். வரிசையாக ஆணிகள், ஒவ்வோர் ஆணிக்கும் ஒரு டோக்கன் எண், முன்னால் கம்பிவலைக் கதவு, அதற்குப் பூட்டு. கேட்டை ஒட்டி என் அறை இருந்ததால் பலகையை என் அறையின் தகரச் சுவரில் அடித்தார்கள். சாவி என்னிடம் வந்தது.

அறுபதுகளின் கடைசியில் நான் வேலையில் சேர்ந்தபோது என்னிடம் வாட்ச் கிடையாது. எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை கட்டியதில்லை. அப்பா கூலிக்கு உழுதவர். இப்போது திடீரென்று முப்பதுக்கு மேல் வாட்ச்சுகள் தினமும் என் முன்னால் தொங்கின. அநேகமாக எல்லாம் கல்யாணத்துக்குப் போட்டவை. பெங்களூரில் செய்தவை பாதி, சுவிஸ் மீதி.

முதலில் டயல்களைப் பார்த்தேன். பிறகு ஓட்டத்தைக் கவனித்தேன். ஒரே கம்பெனி, ஒரே மாடல், இரண்டும் ஒரே மாதிரி ஓடாது. ஒன்று படுக்க வைத்தால் பின்தங்கும், ஒன்று தொங்கவிட்டால் முந்தும். சாப்பாட்டு நேரத்தில் மெஷின்கள் நின்றதும் வலைக்கதவைத் திறந்து காதை வைத்தால், முப்பது வாட்ச்சும் சேர்ந்து ஓடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காக நான் சாப்பாட்டைத் தள்ளிப்போட ஆரம்பித்தேன். எனக்கு இந்தப் பித்து பிடித்தது அங்கேதான்.

அதன் பிறகு மாதம் ஒரு முறை பட்டணம் போய் மூர் மார்க்கெட்டில் ஓடாத வாட்ச்சுகளை வாங்கினேன். டூட்டி இல்லாத நேரங்களில் என் அறையிலேயே பிரித்துப் பார்த்தேன். என் முதல் வாட்ச் சின்னச் செகண்டு முள் தனியாக வைத்த ஒரு சுவிஸ். வாங்கும்போது அதன் உள்ளே துரு. பல மாதம் போராடி அதை ஓட வைத்தேன். அது டிக் என்று முதலில் சொன்ன நாளில் அறையில் எழுந்து நின்றுவிட்டேன். அதன் பிறகும் வாங்கினேன். எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன.

நான் வாட்ச்சுகளைப் பிரிப்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததுதான் வினையாயிற்று.

3. கல்லை உருவிட்டான்

வாட்ச் ரிப்பேர்காரனிடம் வாட்ச்சைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் கல்லை எடுத்துவிடுவான், அதன் பிறகு வாட்ச் தாறுமாறாக ஓடும் என்று அந்தக் காலத்தில் எல்லாரும் நம்பினார்கள். டயலிலேயே பதினேழு ஜுவல்ஸ் என்று எழுதியிருக்கும். வைரம் மாதிரி ஏதோ உள்ளே இருப்பதாக ஜனங்களுக்கு எண்ணம்.

அன்று மத்தியானம் என் அறை வாசலில் கூட்டம் கூடியது. எத்திராஜ் முன்னால் நின்றார்.

"சாவி யாராண்ட கீது? உன்னாண்ட. வாட்ச்ச தொறக்கத் தெரிஞ்சவன் யாரு? நீ. நான் வேற இன்னாத்த நெனைக்கறது, நீயே சொல்லு நைனா."

"அண்ணே, உங்க வாட்ச்ச நான் தொட்டதே இல்ல. மாட்டறதும் எடுக்கறதும் நீங்கதானே."

"நான் லேத்துல குனிஞ்சிக்கினு கீறப்போ நீ இங்க இன்னா செய்றேன்னு எனக்கு எப்டித் தெரியும்? டப்பாவ தொற. எங்க கல்லு அதுலதான் கீது."

டப்பாவைத் திறந்து காட்டினேன். என் வாட்ச்சுகளை அவர்கள் பார்த்த பார்வையில் எனக்கு ஆதரவாக ஒன்றும் இல்லை. ஒரு எலக்ட்ரீஷியனிடம் இத்தனை வாட்ச் எதற்கு என்று ஒருவர் கேட்டார். பிடிக்கும் என்றேன். பிடிக்குமாம் என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

மானேஜர் வந்து டப்பாவை வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியையும் வாங்கிக்கொண்டார். அவர் கோபப்படவில்லை. "முப்பது குடும்பத்துச் சாமான்ப்பா. திங்கட்கிழமைக்குள்ள என்ன ஆச்சுன்னு சொல்லு. இல்லேன்னா நான் போலீஸுக்குச் சொல்லணும். உன் வேலையும் என் கையில இல்லை" என்றார்.

வேலை போனால் வேறு வேலை தேடலாம். கல் திருடியவன் என்ற பெயரோடு கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் எந்த கேட்டுக்குள்ளும் நுழைய முடியாது. வாட்ச்சைக் கையால் தொடவும் முடியாது. நான் ஓடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

எத்திராஜிடம் போனேன். "திருவள்ளூர்ல என் சிநேகிதன் வாட்ச் கடை வச்சிருக்கான். உங்க வாட்ச்ச அங்க பிரிச்சு, கல்ல எண்ணிப் பார்க்கலாம். நீங்களே எண்ணுங்க."

"வாட்ச் உங்கூட வராது. என் கையிலதான் வரும். நானும் வரேன்" என்றார்.

4. தேரடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வாட்ச் கட்டிய கையை மடிக்குள் வைத்துக்கொண்டார். திருவள்ளூர் வரைக்கும் அப்படியே வந்தார்.

சேஷாத்ரி என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்ச். கோயில் கைங்கரியக் குடும்பம். அண்ணன் கோயிலுக்குப் போக, இவன் தேரடிக்குப் பக்கத்தில் கடை போட்டான்.

"வாடா சீலா. ஞாயித்துக்கிழமையும் விட மாட்டியா? இவர் யாரு?"

"என் மேல திருட்டுப் பட்டம் கட்டினவரு."

"அப்படியா, உக்காருங்கோ சார். காபி சாப்பிடறேளா?"

எத்திராஜ் காபியைத் தொடவில்லை. "நீங்க ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு. நீ எண்ணிச் சொன்னா நான் நம்ப மாட்டேன்" என்றார்.

"நம்பாதீங்கோ. நீங்களே பாருங்கோ" என்று சேஷாத்ரி கண்ணில் வைக்கும் லென்ஸைக் கொடுத்தான்.

பின்மூடியைத் திறந்ததும் சில கற்கள்தான் தெரிந்தன. பதினேழு எங்கே என்று எத்திராஜ் எழுந்துவிட்டார். மீதி டயலுக்கு அடியிலும் சக்கரங்களுக்கு அடியிலும் இருக்கும், முழுக்கப் பிரிக்க வேண்டும் என்றான் சேஷாத்ரி. பிரித்தான். ஒவ்வொரு கல்லாக சாமணத்தால் சுட்டிக்காட்டினான். எத்திராஜ் லென்ஸை அழுத்தி வைத்துக்கொண்டு வாய்விட்டு எண்ணினார். பதினேழு வந்தது. நம்பிக்கை இல்லாமல் இன்னொரு முறை எண்ணினார். பதினேழுதான்.

"இதுவா கல்லு? கேவுரு கூட இத விட பெருசா இருக்குமே."

"மெஷின்ல செய்யற செவப்புக் கல்லு சார். தேயாம இருக்கறதுக்குப் போடறது. வித்தா ஒரு காபிகூட வராது. நீங்க குடிக்காம வச்சிருக்கேளே, அது."

எத்திராஜ் லென்ஸை எடுத்தார். "இத்தினியூண்டு கல்லுக்காய்யா நாங்க இம்மாஞ் சண்டை போட்டோம்?" என்றவர், ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார். "செரி. கல்லு கீது. அப்புறம் இன்னாத்துக்கு ஓடுது?"

சேஷாத்ரி மேஜை அறையிலிருந்து ஒரு சின்னத் திசைகாட்டியை எடுத்து, பேலன்ஸ் வீலை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங் அருகே கொண்டு போனான். முள் துள்ளித் திரும்பியது.

"காந்தம் ஏறியிருக்கு. ஸ்பிரிங் சுத்துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கறது. ஸ்பிரிங் குட்டையான மாதிரி ஆயிடும், வேகமா ஓடும். எங்கேடா வச்சேள் இதை?"

நானும் எத்திராஜும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

5. தாடி வைத்த ஆணி

திங்கட்கிழமை காலை எத்திராஜ் மானேஜரிடம் போய்ச் சாவியை வாங்கி வந்தார். பலகையைத் திறந்தோம். வாட்ச் இல்லாத ஆணிகளை அப்போதுதான் நெருங்கிப் பார்த்தேன். மெஷின் ஷாப்பில் எங்கும் பறக்கும் இரும்புத் தூள், ஒவ்வோர் ஆணியின் முனையிலும் குத்திட்டு நின்றது.

"ஆணிக்குத் தாடி மொளச்சிருக்குடா" என்றார் எத்திராஜ். அதுவரை அவர் என்னை டா போட்டதில்லை.

சுவரைச் சுற்றிக்கொண்டு வெளியே போனோம். அந்தப் பக்கம் ஸ்கிராப் யார்டு. பழைய இரும்பைத் தூக்குவதற்காகப் புதிதாக வாங்கிய மின்காந்தம், மழை நனைக்காமல் இருக்க என் தகரச் சுவரை ஒட்டிக் கூரைக்கு அடியில் நிறுத்தப்பட்டிருந்தது. கிரேன் ஆள் தினமும் அதை அங்கேயே ஆன் செய்து பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பான். சுவரும் இரும்பு, அதில் ஏறிய ஆணியும் இரும்பு. மறுபக்கம் முப்பது வாட்ச்.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் கூட்டத்தில் பாதிப் பேர் நம்பவில்லை. வயர்மேன் எத்திராஜையும் சரிக்கட்டிவிட்டான் என்றார்கள். காந்தத்தை எடுக்கும் சாதனம் சேஷாத்ரியிடம் இல்லை. கம்பிச் சுருளான ஒரு காயிலுக்குள் வாட்ச்சை வைத்துக் கரண்ட் விட வேண்டும் என்று நான் சொன்னதும் இன்னும் மோசமாயிற்று.

"கல்ல எடுத்தது பத்தாதுன்னு இப்ப ஷாக் வேற குடுக்கப் போறான்" என்றது ஒரு குரல்.

நான் மானேஜரிடம் என் டப்பாவைக் கேட்டேன். அதிலிருந்து அந்தச் சுவிஸ் வாட்ச்சை எடுத்தேன். காந்தம் வந்த பிறகு அது பலகைக்குப் போகவே இல்லை, சரியாக ஓடியது. எல்லாரும் பார்க்க அதைச் சுவர்க் கடிகாரத்துக்கு வைத்து, நடு ஆணியில் மாட்டினேன்.

"இது நாளைக்குக் காலைல வரைக்கும் இங்க தொங்கட்டும். காந்தத்த வழக்கம் போலப் போடட்டும். சாவி எத்திராஜ் அண்ணன்கிட்ட இருக்கட்டும்."

"பாழாப் போச்சின்னா?" என்றார் எத்திராஜ் மெதுவாக.

"போகட்டும்" என்றேன். கதவு பூட்டப்படும்போது அந்தச் சின்னச் செகண்டு முள்ளை நான் பார்க்கவில்லை.

6. காயில்

மறுநாள் காலை அது மற்ற வாட்ச்சுகளைப் போலவே முன்னால் ஓடியிருந்தது. எத்திராஜ் அதை ஒவ்வொருவர் கண்ணுக்கும் நேரே கொண்டுபோய்க் காட்டினார். "கல்லு உருவிட்டான்னு சொன்னியே, தன் வாட்ச்சிலயே உருவிக்கினானா?"

பழைய மோட்டார் ஸ்டார்ட்டர் ஒன்றிலிருந்து கழற்றிய காயிலை மேஜையில் வைத்தேன். நடுவில் இருந்த இரும்பை எடுத்துவிட்டேன். என் சுவிஸ் வாட்ச்சை அந்தத் துளைக்குள் நீட்டி சுவிட்சைப் போட்டேன். உடனே நிறுத்தக்கூடாது. கரண்ட் ஓடும்போதே வாட்ச்சை நிதானமாக வெளியே இழுத்து, கை நீளும் மட்டும் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். அதன் பிறகுதான் சுவிட்சை அணைக்க வேண்டும். அவசரப்பட்டால் திரும்பவும் காந்தம் ஏறும். எல்லாருக்கும் தெரியும்படி அப்படியே இழுத்தேன்.

அதைச் சுவர்க் கடிகாரத்துக்கு வைத்து, மத்தியானச் சங்கு வரை வெறும் மர மேஜையில் விட்டோம். சங்கு ஊதியும் யாரும் சாப்பிடப் போகவில்லை. எத்திராஜ் வாட்ச்சையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு நொடிகூட வித்தியாசம் இல்லை.

"எங்க, என்துக்குக் குடு ஷாக்கு" என்று தன் வாட்ச்சை நீட்டினார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது.

அடுத்த வாரம் ஆட்கள் வழக்கமான நேரத்துக்கு வந்தார்கள், சிலர் வழக்கம் போலத் தாமதமாக. மானேஜர் ஒழுங்கைப் பற்றி மறுபடியும் ஒரு கூட்டம் போட்டார்.

7. அதன் பிறகு

பலகையை எதிர்ப்பக்கத்துச் செங்கல் சுவருக்கு மாற்றினோம். ஆணிகளைப் பிடுங்கிவிட்டுப் பித்தளைக் கொக்கிகள் போட்டேன். சாவி திரும்ப என்னிடம் வந்தது.

கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை யார் வீட்டில் ஓடாத வாட்ச் கிடந்தாலும் எத்திராஜ் கேட்டு வாங்கி வந்துவிடுவார். கொடுக்கும்போது ஒரே வார்த்தைதான்: "இந்தா, கல்லு எண்ணி வாங்கிக்கோ." என் டப்பா அலமாரியாக மாறியதில் பாதி அவர் வேலை.

இன்று வாட்ச் சேகரிக்கும் இளைஞர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். எதை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறார்கள். பின்மூடியைத் திறக்கும் விதத்தைச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் சொல்வது வேறு. தப்பாக ஓடும் வாட்ச்சைக் கையில் வாங்கினால், திறப்பதற்கு முன், இதுவரை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். எங்கள் பலகையில் தொங்கிய எந்த வாட்ச்சுக்குள்ளும் குறை இருந்ததில்லை.

சுவிஸ் வாட்ச் இன்னும் ஓடுகிறது. அலமாரியின் நடுக் கொக்கியில் அதை மாட்டியிருக்கிறேன். அந்த அலமாரி முழுக்க மரமும் பித்தளையும்தான். செய்து கொடுத்த ஆசாரி ஓர் இடத்தில் மட்டும் இரும்பு ஆணி அடித்திருந்தார். அவர் எதிரிலேயே அதைப் பிடுங்கினேன்.