திருடன் பெயருக்கு ஓர் அர்ச்சனை

நரையை மறைக்கச் சிலிபின் வட்டாரத்தில் ஒரு சலூனுக்குப் போயிருந்தேன். அங்கிருந்த பெண் சாயத்தைக் குழைத்துத் தலையில் வைத்ததும் குப்பென்று அம்மோனியா வாடை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்னா ஆண்ட்டி, கூசுதா?” என்றாள். இந்த வயதில் கூச என்ன இருக்கிறது!

வாடைதான் காரணம். எழுபதுகளின் கடைசியில் செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தேன். பால் உறையாமலிருக்க அம்மோனியா ஊற்றுவார்கள். பால் நிறுக்கும் கொட்டகை முழுக்க இதே நெடிதான். வாளியோடு வரிசையில் நிற்கும் நேரத்தில் மற்றப் பெண்களுக்கு நான் கதை படித்துக் காட்டுவேன். மூன்றாம் பாரம் வரை படித்தவள் என்று ஒரு மரியாதை. அந்தத் தடவை, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் வீட்டம்மாவிடம் இரவல் வாங்கிய மர்ம நாவல், அட்டைகூடக் கிடையாது. அதில் சங்கர் என்று ஒரு திருடன். இரும்புப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டே பூட்டைத் திறப்பான். கூட்டாளி காட்டிக்கொடுத்துவிட, மெட்ராஸ் முழுக்கப் போலீசுக்குத் தண்ணி காட்டிக்கொண்டு ஓடுகிறான்.

கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுவது என் கெட்ட பழக்கம். சங்கர் ரயில்வே ஸ்டேஷனில் குண்டடிபட்டுச் சாவான் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். வாயைத் திறக்கவில்லை.

கதையில் ஆக அதிகம் உருகியவர் என் பக்கத்து நிரையில் மரம் வெட்டிய அஞ்சலை அக்கா. “இன்னிக்காவது சாப்ட்டானா அவன்?” என்று கேட்பார். கடைசி அத்தியாயத்துக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. என்னை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். பூசாரி தட்டை வாங்கி, “யாரு பேருக்கு?” என்றார்.

“சங்கரு.”

“நம்ம தோட்டத்துல ஏது லா சங்கரு?”

“மெட்ராஸ்ல இருக்கான். நீங்க சொல்லுங்க சாமி.”

பூசாரி நட்சத்திரம் கேட்டார். கதை எழுதியவரே யோசிக்காத விஷயம்! நான் அடக்கிய சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. அக்கா தயங்காமல், “கார்த்திகை” என்றார்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. கார்த்திகை அவருடைய தம்பி மணியத்தின் நட்சத்திரம். தோட்டத்து ரப்பர் ஷீட்டைத் திருடி விற்றுவிட்டு, பிடிபடுமுன் சிங்கப்பூருக்கு ஓடியவன். மூன்று வருஷமாகக் கடிதம் இல்லை. அவன் பெயரை எடுத்தாலே அக்காவின் புருஷன் ஆடித் தீர்த்துவிடுவார். பாவம், சாமியிடம்கூட அக்கா தம்பி பெயரை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் கொட்டகையில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சொந்தமாக அளந்தேன். சங்கர் கப்பலேறி எங்கள் நாட்டுக்கே வந்து, எங்கள் ஊர்ப் பக்கம் சிம்பாங் பூலாயில் சாப்பாட்டுக் கடை போட்டுவிட்டான். என் கற்பனைக்கு எட்டியது அவ்வளவுதான்.

“போலீசு சும்மாவா இருந்துச்சி?” என்றாள் ஒருத்தி.

“ஜீப்பு பஞ்சரு” என்றேன்.

“பாஸ்போட்டு?”

“அட வுடுங்க லா! பொழைச்சிக்கிட்டான்ல, அது போதும்!” என்று அதட்டிய அஞ்சலை அக்கா, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. கிராணி வீட்டம்மா புத்தகத்தை இன்னும் படிக்கவில்லை. படித்தால் தோட்டத்துக்கே தண்டோரா போட்டுவிடுவார். கடைசி இரண்டு தாளைக் கிழித்து ஒளித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மணியத்துக்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் பிடிபடாத திருடி நான்தான்.

மணியம் வரவேயில்லை. வெள்ளிக்கு வெள்ளி சங்கர் பெயருக்குக் கார்த்திகையில் அர்ச்சனை நடந்தது. பிறகு அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். தோட்டம் தாமான் குடியிருப்பாகி வரிசை வரிசையாக வீடுகள் வந்துவிட்டன. கொட்டகை இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். வீடு மாறும்போதெல்லாம் அந்த இரண்டு தாளை மட்டும் பத்திரமாகக் கொண்டுபோனேன். போன வருஷம் கறையான் தின்றுவிட்டது. இனிச் சங்கரைச் சுட யாருமில்லை.