காலி அறையில் சுவரோரமாக

இதைக் கதையென்று நினைத்துக்கொண்டும் படிக்கலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த வீட்டில் இருந்தவள் நான். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

என் கணவர் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தார். பேச்சு முதல் நாளே போய்விட்டது. கண்கள் மட்டும் என் பின்னாலேயே சுற்றும். "ஒரே ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்று எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறேன். கண்ணோரம் நீர் வழியும், அவ்வளவுதான். அப்படியே போய்ச் சேர்ந்தார்.

தனியாக இருக்க வேண்டாமென்று மகள் என்னைத் தன் ஊருக்கு அழைத்தாள். வீட்டை விற்க முடிவாயிற்று.

புரோக்கர் வாயாடி. உள்ளே வந்ததும் மூக்கைச் சுருக்கினார்.

"ஆன்ட்டி, வாங்க வர்றவங்க கண்ணால வீடு பாக்க மாட்டாங்க, மூக்கால பாப்பாங்க. மருந்து வாடை போகணும். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பாத்தா வாசலோட திரும்பிடுவாங்க."

வீட்டுக்கு வந்து அவரைக் கவனித்துக்கொண்ட ஆண் நர்ஸையே கூப்பிட்டேன். அவர் கிடந்த அறையின் நடுவிலிருந்த கட்டிலைக் கழற்றி எடுத்துப் போனார். சுவருக்குப் புது பெயின்ட் அடித்தோம். டெட்டால் ஊற்றித் தரையைத் துடைத்து, புதுத் திரை மாட்டினேன். அறை பளிச்சென்று இருந்தது. என்னால்தான் அதைப் பார்க்க முடியவில்லை.

ஞாயிறு காலை பத்தரைக்கு முதல் பார்ட்டி வந்தது. புதிதாகக் கல்யாணமான ஜோடி. ஹாலில் கலகலவென்று பேசினார்கள். சமையலறையில், யார் பாத்திரம் கழுவுவது என்று சண்டையே போட்டுவிட்டார்கள்.

அந்த அறைக்குள் போனதும்... குரல் இறங்கிவிட்டது.

கிசுகிசுத்துக்கொண்டே ஜன்னலுக்குப் போனார்கள். நேராகப் போகவில்லை. சுவரை ஒட்டி, ஒருவர் பின் ஒருவராக.

நடுவில் ஒன்றுமே இல்லை.

அடுத்து வந்த பெரிய குடும்பமும் அப்படியே. சுவரோரமாக. தணிந்த குரலில்.

"ஏன் சார் ரகசியம் பேசுறீங்க? உள்ள யாராவது தூங்குறாங்களா?" என்று சிரித்தார் புரோக்கர். அவரும் கிசுகிசுத்துத்தான் கேட்டார்.

கடைசியாக வந்தவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே நடந்தார். டொக்! முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"ஸ்ஸ்... எதுல இடிச்சேன்?"

வெறும் தரை. கட்டிலின் கால்மாடு இருந்த இடம்.

எனக்குப் பயம் வந்தது. அதைவிட வேகமாக ஓர் ஆசை எழுந்தது.

இருக்கிறார். போகவில்லை.

எல்லோரும் போனபின் அந்த அறைக்கு வந்தேன். மாலை ஆறே கால். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. சுவரோரம் போகாமல் நேராக நடுவுக்கு நடந்தேன்.

எதுவும் தடுக்கவில்லை.

கையால் துழாவினேன்... காற்று.

"என்னங்க..."

கால்மாடு இருந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

"எல்லாருக்கும் தட்டுப்படுறீங்க. எனக்கு மட்டும் ஏங்க..."

இல்லை.

அங்கேயே தரையில் படுத்தேன். விடிந்தபோது முதுகு வலித்தது. வேறொன்றுமில்லை.

மகளுக்குப் போன் செய்தேன். "வீட்டை விக்க வேண்டாம்டி. அப்பா ஒரு வார்த்தை பேசட்டும், நான் இங்கயே இருந்துடுறேன்."

அந்தப் பக்கம் அழுகை. "அப்பா இல்லம்மா. நீயாவது எனக்கு வேணும்மா."

கையெழுத்துப் போட்டேன். சாவியைக் கொடுத்தேன். வாங்கியவர்கள் அந்த அறைச் சுவரை இடித்து ஹாலோடு சேர்த்துவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

ஆறு மாதம் கழித்து, நலம் விசாரிக்க அந்த நர்ஸ் போன் செய்தார். பேச்சை முடிக்கும்போது தயங்கினார்.

"ஒண்ணு சொல்லலாமாம்மா? கட்டில் கழட்ட வந்தேனே... நீங்க ஹால் சோபாவுல அசந்து தூங்கிட்டிருந்தீங்க. நான் உள்ள ஸ்பேனரைக் கீழ போட்டுட்டேன். பின்னாடி ஒரு ஆம்பளைக் குரல். திரும்பினா யாருமில்ல. பயந்துபோய்ச் சொல்லாம வந்துட்டேன்."

"என்ன... என்ன சொன்னாரு?"

"'சத்தம் போடாதப்பா. ரெண்டு வருஷமா தூங்காதவ, இப்பத்தான் கண்ணசந்திருக்கா'ன்னு."