மாட்டுக்குப் போடுகிற முடிச்சு

கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எட்டிப் பார்த்துச் சொல்ல வந்தார் என் கணவர். சொல்வதற்குள் அவருடைய மூக்குக் கண்ணாடி உள்ளே போய்விட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் அவர் வக்கீல் ஆபீசுக்குப் போயாக வேண்டும். கண்ணாடி இல்லாவிட்டால் டிராமுக்கும் மாட்டுவண்டிக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது.

கொக்கிகள் வைத்த பாதாளக் கரண்டியைக் கயிற்றில் விட்டுத் துழாவினோம். என்றைக்கோ விழுந்த செம்பு ஒன்று வந்தது. கண்ணாடி வரவில்லை. "நானே இறங்கறேன்" என்று கிளம்பிவிட்டார். பிடிவாதத்துக்குக் கேட்பானேன்!

தாம்புக்கயிற்றை எடுத்து, குடத்துக்குப் போடுகிற சுருக்கை இடுப்பில் மாட்டிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்னா, சுருக்கு இழுக்க இழுக்க இறுகும். குடம் தாங்கும், உங்க வயிறு தாங்குமா?"

அவிழ்த்துப் போட்டேன். கொல்லையில் பசுவைத் தினமும் கட்டுகிறவள் நான். எவ்வளவு இழுத்தாலும் கழுத்தில் வளையம் இறுகாமல் அப்படியே நிற்க ஒரு முடிச்சு உண்டு. அதைப் போட்டேன்.

"அடியே, இது மாட்டுக்குப் போடற முடிச்சுடீ! பக்கத்தாத்துல பார்த்தா என்ன நினைப்பா?"

"பொருத்தமா இருக்குன்னு நினைப்பா."

மறுமுனையைத் தென்னை மரத்தில் அதே முடிச்சால் கட்டி, நடுக்கயிற்றைக் கிணற்றுத் தூணில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். சுவர்ப் படிகளில் கால் வைத்து இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் காலால் தேடியவர், "கிடைச்சுடுத்து!" என்று கத்தினார். அப்புறம், "உடைஞ்சுடுத்து" என்றார். நான் சிரித்த சிரிப்பில் பசு திரும்பிப் பார்த்தது.

அவர் ஏற ஏறக் கயிற்றை இழுத்துக்கொண்டே வந்தேன். பாதிக்கு மேல் வந்தவருக்குப் பாசியில் கால் வழுக்கியது. கயிறு விண்ணென்று நின்றது. உள்ளே சத்தமே இல்லை.

"ஏன்னா! ஏன்னா!"

கயிற்றை விட்டுவிட்டு எட்டிப் பார்க்கவும் முடியாது. ஐயோ, முடிச்சுப் போட்டவள் நானல்லவா!

"ம்ம்மா..."

மாடு மாதிரிக் கத்துகிறார் மனுஷர்! அந்தரத்தில் தொங்கிக்கொண்டு!

ஒருவழியாகப் படியைப் பிடித்து மேலே வந்து சேர்ந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். திட்டிக்கொண்டே அவிழ்க்கப் போனேன். தினமும் அவிழ்க்கிற முடிச்சு அன்றைக்கு அவிழவே இல்லை. அவர் தடவித் தடவி என் கன்னத்தைத் தொட்டார்.

"அழறயா என்ன?"

"இல்லையே. உங்க கைதான் ஈரம்."

"என் கை ஜில்லுனு இருக்கு. இது சுடறதேடீ" என்றார்.