சாரங்கபாணி காப்பாற்றிய சவரக்கல்

செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்துத் தெரு நெசவாளர் ஏகாம்பரம் போன் செய்தார். "சார், நம்ம ஹிஸ்டரி சார் போயிட்டாரு. கவுன்சிலர் அதுக்குள்ள போஸ்டர் ஒட்டிக்கினு இருக்கான்" என்றார். போய்ப் பார்த்தேன். கவுன்சிலரின் படம் ஆளுயரம். இறந்த சாரங்கபாணியின் படம் தபால்தலை அளவு.

நான் வேலை பார்த்த பள்ளியில் என்னோடு இருபது ஆண்டுகள் வரலாறு நடத்தியவர் அவர். அவரிடம் படித்த உங்களில் பலருக்கு அவர் வாயும் தெரியும்.

எங்கள் தெருமுனையில் ஒரு பழைய கல் உண்டு. அதில் செதுக்கியிருக்கும் ஒருவன் தன் கழுத்தில் கத்தி வைத்திருப்பான். மழித்துக்கொள்கிறான் என்று எண்ணி ஊரே அதைச் சவரக்கல் என்றது. தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டும்போது நெசவாளர்கள் அதில்தான் கயிறு கட்டுவார்கள். சாலை போட வந்தபோது, அதைக் கவிழ்த்துச் சாக்கடைக்கு மூடியாகப் போடச் சொன்னார் கவுன்சிலர். சாரங்கபாணி கல்லைக் கட்டிப்பிடித்து நின்றுவிட்டார்.

"என்னா சார், சவரம் பண்ணிக்கிறவனுக்கு இவ்ளோ மரியாதையா?" என்றார் கவுன்சிலர்.

"கண்ண தொறந்து பாருபா. சவரமா பண்றான்? தலைய அறுத்துக்கினு இருக்கான்!"

அடியில் தேய்ந்துகிடந்த எழுத்துகளை அங்கேயே படித்துக் காட்டினார். பகைவர் கோட்டையை முற்றுகையிட்டபோது, அது விழாதிருக்கக் கொற்றவைக்குத் தன் தலையைத் தானே கொடுத்த வீரன் அவன். அரசனின் பட்டங்களுக்கு மூன்று வரி. வீரனின் பெயர் இல்லை.

"உள்ள பத்திரமா குந்தினு இருந்தவனுக்கு மூணு வரி. த்தூ!" என்றார்.

உதாரணம் சொல்லியே பழகியவன் நான். முகூர்த்தச் சேலையில் நெய்தவன் பெயரை யாராவது பார்த்ததுண்டா? கடைக்காரன் பெயர் பையில்கூட இருக்கும். ஏகாம்பரத்துக்கு அது சொல்லாமலே புரிந்தது. கல்லிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். நெசவாளர்கள் சுற்றி நின்றார்கள். கல் தப்பியது.

கவுன்சிலர் விடுவாரா? மறுமாதமே வீரனுக்கு விழா எடுத்தார். கல்லை மறைத்து ஒரு பளிங்குப் பலகை வைத்தார்கள். அதில் அவரும் கூட்டாளிகளுமாகப் பதினேழு பெயர்கள். "இந்த ஊருக்காக என் தலையையும் கொடுப்பேன்!" என்று மைக்கில் முழங்கினார்.

கூட்டத்திலிருந்து சாரங்கபாணி, "குடு தம்பி. கத்தி அவன் கையிலயே இருக்குது, வாங்கிக்கோ" என்றார்.

பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள். பேச்சு அத்துடன் முடிந்தது.

நேற்று கவுன்சிலரின் ஆட்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். அந்தப் பலகையில் பதினெட்டாவதாகச் சார் பெயரையும் சேர்ப்பார்களாம். குடும்பத்தாரின் சம்மதத்தை நான் வாங்கித்தர வேண்டுமாம். எந்த மக்குப் பையனிடமும் முகம் சுளிக்காதவன் நான்.

"மொதல்ல பலகைய எடுங்கபா. பின்னால நிக்கறவன் மூஞ்சி தெரியட்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

சாரங்கபாணியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த இளக்காரத்தைத்தான். இந்த வயதில்தான் அது எனக்கு வாய்த்தது.